ஒரு கண் போனபின் தேத்தண்ணி ஏன் கோப்பைக்கு வெளியே போகிறது, படகு ஏன் கரைக்குச் சரியாக வருகிறது?

திருக்கோணமலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய சித்தப்பா திருக்கடலூர்ப் பக்கம் மீன்பிடிப்பவர். போன வருடம் அடிபட்டு வலது கண்ணின் பார்வை முழுதாகப் போய்விட்டது. இப்போதும் கடலுக்குப் போகிறார், படகைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் வீட்டில் தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகிறது. தூண்டிலில் தங்கூசி (நைலோன் நூல்) கட்ட முன்னைவிட நேரமெடுக்கிறது. "எட்டத்தில் இருப்பது சரியாகத் தெரிகிறது, கைக்கெட்டும் தூரத்தில்தான் பிழைக்கிறது. இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? போகப் போகச் சரியாகுமா? மோட்டார் சைக்கிள் ஓட விடலாமா?" என்று கேட்கிறார்.

கண் கிளினிக்கில் பார்வை பரிசோதிப்பது என் வேலை. நானும் இதே ஊர்தான், ஆகையால் உதாரணத்துக்கு வெளியே போகத் தேவையில்லை.

தங்கச்சி, உங்கள் சித்தப்பாவுக்கு நடப்பதுதான் முறை. இரண்டு கண்ணும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு கிட்டத்து வேலைக்குரியது. எட்டத்தைக் கணிக்க மூளை நம்புவதெல்லாம் ஒற்றைக் கண்ணுக்கே கிடைக்கும் தடயங்களை. அவை அவரிடம் அப்படியே இருக்கின்றன.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். விழித்திரையில் விழுவது நீளமும் அகலமும் மட்டும் உள்ள ஒரு படம். ஒரு மீற்றருக்கு அப்பாலிருந்து வரும் ஒளியும் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் ஒளியும் ஒரே திசையில் வந்தால் ஒரே புள்ளியில்தான் விழும். தூரம் அதில் எங்கும் பதிவாவதில்லை. மூளைதான் கணக்குப் போட்டு அதைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கணக்குக்குக் கிடைக்கும் தடயங்களில் ஒன்றுதான் இரண்டு கண்களின் வித்தியாசம்.

முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்தி, வளவில் நிற்கும் தென்னையைப் பார்த்தபடி கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் துள்ளும். பெரியவர்களின் கண்மணிகளுக்கிடையே சராசரியாக 63 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டு கண்ணுக்கும் கிடைப்பவை சற்றே வேறுபட்ட படங்கள். இந்த வேறுபாட்டிலிருந்தே ஆழம் பிறக்கிறது என்பதை 1838இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் செய்து காட்டினார். ஒரே பொருளை வலது கண் பார்ப்பதுபோல ஒன்றும் இடது கண் பார்ப்பதுபோல ஒன்றுமாக இரண்டு கோட்டுப் படங்கள் வரைந்தார். முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டை வைத்து ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய கண்ணுக்கு மட்டும் காட்டினார். தட்டையான கோடுகள் திரண்டு எழுந்து நின்றன. புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த வருடம்தான் என்பதையும் நினைத்துப் பார்த்தால் மனிதரின் சாமர்த்தியம் விளங்கும். இன்று தியேட்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கும் முப்பரிமாணப் படத்துக்கும் அடிப்படை இதே தந்திரம்தான்.

இனி உங்கள் கேள்வியின் முடிச்சுக்கு வருவோம். நல்ல இரண்டு கண்கள் உள்ள ஒருவர், இரண்டு படங்களுக்கிடையே ஒரு பாகையில் 360இல் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் உணர்ந்துவிடுவார். மிக நுட்பமான அளவு. ஆனால் பொருள் தள்ளிப்போகப் போக இந்த வித்தியாசம் தூரத்தின் வர்க்கத்தில் சுருங்குகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் நாலில் ஒன்று, பத்து மடங்கானால் நூறில் ஒன்று. கணக்குப் போட்டால் இப்படி வரும்: தூண்டில் கட்டும் 40 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவுக்கு முன்பின் இருந்தாலும் தெரியும். ஒரு மீற்றரில் அது முக்கால் மில்லிமீற்றர். 10 மீற்றரில் 8 சென்ரிமீற்றர். 100 மீற்றரில் 8 மீற்றர், அதாவது ஒரு வள்ளம் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்றே இரண்டு கண்ணாலும் பிரிக்க முடியாது. ஒரு கிலோமீற்றரைத் தாண்டியதும் இரண்டு கண் இருப்பதும் ஒன்று இருப்பதும் ஒன்றுதான்.

சித்தப்பா கோப்பையில் ஊற்றும்போது இழந்திருப்பது அந்த முக்கால் மில்லிமீற்றர் நுட்பத்தை. கடலில் அவர் இழந்தது அநேகமாக எதுவுமில்லை.

இந்தக் கணக்கை மூளை எங்கே, எப்படிப் போடுகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. முதலில் ஒவ்வொரு கண்ணும் பொருளை அடையாளம் கண்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறது என்றுதான் பலர் நினைத்தார்கள். 1960இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பேலா யூலெஸ் அதைக் கவிழ்த்தார். கணினியால் வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை இறைத்து இரண்டு படங்கள் செய்தார். தனித்தனியே பார்த்தால் எந்த உருவமும் இல்லை. நடுவில் ஒரு சதுரத்துக்குள் இருந்த புள்ளிகளை மட்டும் ஒரு படத்தில் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தார். இரண்டையும் இரண்டு கண்ணுக்குக் காட்டியதும் ஒரு சதுரம் தாளைவிட்டு மேலே மிதந்தது. அடையாளம் காண ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆழம் வருகிறதென்றால், மூளை புள்ளிக்குப் புள்ளி பொருத்திப் பார்க்கிறது என்றுதான் அர்த்தம். 1967இல் பார்லோ, பிளேக்மோர், பெட்டிகுரூ ஆகிய மூவரும் பூனையின் மூளையில், பின்மண்டைப் பக்கமுள்ள பார்வைப் புறணியில், இந்த வித்தியாசத்துக்கென்றே துடிக்கும் நரம்புக் கலங்களைக் கண்டு எழுதினார்கள். ஒன்று கிட்ட இருப்பதற்குத் துடிக்கும், இன்னொன்று எட்ட இருப்பதற்கு.

சரி, கடலுக்கு வருவோம். ஒற்றைக் கண்ணோடு படகைக் கரைக்குக் கொண்டுவரும் ஒருவருக்கு என்னென்ன கிடைக்கிறது?

முதலாவது அடிவானம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் கடலில் இதைவிட நேர்மையான தடயம் இல்லை. படகில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு மேல் 2 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 50 மீற்றரில் மிதக்கும் ஒரு போயா (மிதவை) அடிவானக் கோட்டுக்கு 2.3 பாகை கீழே தெரியும். ஏறக்குறைய கையை நீட்டினால் கட்டைவிரல் அகலம். 100 மீற்றரில் அதில் பாதி, 200 மீற்றரில் அதிலும் பாதி. அடிவானத்தை நெருங்க நெருங்கத் தூரம். தலைமுறை தலைமுறையாகக் கடலில் நிற்பவர்கள் இந்தப் பாகைகளைக் கணக்கிடுவதில்லை, ஆனால் அவர்கள் கண் அதை விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது அசைவு. படகு நகரும்போது கிட்டத்துப் பாறை கெதியாக விலகும், கோட்டை மலை மெதுவாக விலகும், அதற்கும் அப்பாலுள்ள மலைகள் கூடவே வருவதுபோல இருக்கும். இரண்டு கண் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து எடுக்கும் படங்களை, ஒரு கண் நகர்ந்து நகர்ந்து அடுத்தடுத்து எடுக்கிறது. கண்களுக்கு 63 மில்லிமீற்றர் இடைவெளிதான், ஆனால் படகு 20 மீற்றர் நகர்ந்தால் இடைவெளி 20 மீற்றர். ஆகவே எட்டத்துக்கு இதுதான் பலமான கருவி. கோணேசர் கோவிலையும் பின்னாலுள்ள இன்னோர் அடையாளத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்படுத்தி மீன் கிடக்கும் இடத்தைப் பிடிக்கும் வித்தை இருக்கிறதே, அதுவும் இதே கேத்திரகணிதம்தான். அதற்கு ஒரு கண் தாராளம்.

மூன்றாவது காற்று. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர்க் கரை வெயில் நாளில் வெளிறிய நீலமாக எங்கோ கிடக்கும். இரவு முழுக்க மழை கொட்டி வெளுத்த காலையில் பார்த்தால் மரங்கள் பச்சையாகத் தெரியும், கரையே கிட்ட வந்துவிட்டதுபோல இருக்கும். இடையிலுள்ள தூசும் ஈரமும் ஒளியைச் சிதறடித்து நிறத்தையும் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டையும் மங்கச் செய்வதை மூளை தூரமாக வாசிக்கிறது. மழை தூசைக் கழுவிவிட்டால் வாசிப்பும் பிழைத்துப்போகிறது. இடம் தெரியாத ஆள் அன்றைக்கு நீந்தியே போய்விடலாம் என்று நினைப்பான்.

இன்னும் இருக்கின்றன. ஒன்றை ஒன்று மறைத்தால் மறைப்பது முன்னால். தெரிந்த அளவுள்ள பொருள் சிறிதாகத் தெரிந்தால் அது எட்டத்தில். நிழலும் ஒரு தடயம்: தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் எழுதிய ஆய்வொன்று இதை அழகாகக் காட்டியது. ஒளி மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே ஒரு மூலத்திலிருந்துதான் வரும் என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. நிலாவெளி மணலில் சாய்வெயிலில் பதிந்த கால்தடத்தை, வெளிச்சம் படத்தின் மேற்பக்கமிருந்து வரும்படி போனில் படமெடுங்கள். போன் படத்தைத் தானே திருப்பாதபடி பூட்டிவிட்டு அதைத் தலைகீழாகப் பிடியுங்கள். பள்ளமாக இருந்த தடம் பலருக்கு மேடாக எழும்.

அதனால்தான் நான் "கணக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடிப்படை அனுமானம் பிழைத்தால் விடையும் பிழைக்கும். ஒளி நேர்கோட்டில் வருகிறது என்பது மூளையின் இன்னோர் அனுமானம். தண்ணீருக்குள் அது உடைகிறது. புறாத்தீவில் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கினால் 4 மீற்றரில் உள்ள பவளப்பாறையிலிருந்து வரும் ஒளி 3 மீற்றரிலிருந்து வருவதுபோல வந்துசேரும். அதனால்தான் முதல்முறை போகிறவர்கள் மீனைத் தொடக் கை நீட்டி வெறுந்தண்ணீரைப் பிடிக்கிறார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நேர்மேலிருந்து பார்த்தாலும் அடி உள்ளதைவிடக் காற்பங்கு மேலே வந்து நிற்கும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரு நூலில் பாரமான எதையாவது கட்டித் தொங்கவிட்டு, இடமும் வலமுமாக ஒரே கோட்டில் ஆடவிடுங்கள். இரண்டு மீற்றர் தள்ளி நின்று, ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி பாருங்கள். குண்டு கோட்டில் ஆடாது. முன்னால் வந்து பின்னால் போய் நீள்வட்டமாகச் சுற்றும். கண்ணாடியை மற்றக் கண்ணுக்கு மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றும். இருண்ட கண்ணிலிருந்து செய்தி மூளைக்கு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்குகள் சில பிந்தி வருகிறது. அதற்குள் குண்டு நகர்ந்துவிடுகிறது. ஆகவே இரண்டு கண்ணும் குண்டை வெவ்வேறு இடத்தில் காண்கின்றன. இட வித்தியாசமென்றால் மூளைக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் ஆழம்.

இதை 1922இல் விளக்கி எழுதியவர் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த கார்ல் புல்ஃப்ரிஷ். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தன் பெயரால் இன்றும் அழைக்கப்படும் விளைவை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு கண்ணால் தூரம் அளக்கும் தூரமானிகளை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றின் தத்துவம் எளிது: கண்களுக்கிடையிலுள்ள 63 மில்லிமீற்றர் போதாது என்றால் அதை நீட்டிவிடு. பல மீற்றர் நீளக் குழாயின் இரண்டு முனையிலும் கண்ணாடி வைத்து, இரண்டு காட்சிகளின் வித்தியாசத்திலிருந்து தூரத்தை எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் துறைமுகத்தில் வந்து நின்ற போர்க்கப்பல்களும் இந்த இடைவெளிக் கணக்கை வைத்துத்தான் பீரங்கியைக் குறிபார்த்தன.

இது வெறும் வேடிக்கையும் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் கண்புரை முற்றியவர்களுக்கு இதே நிலைமை வரலாம். ஒரு கண் இருண்டிருப்பதால், குறுக்கே போகும் பஸ் உண்மையில் இருப்பதைவிடக் கிட்டவோ எட்டவோ தெரியும். பார்வை அளவு ஓரளவு இருந்தும் "றோட்டைக் கடக்கப் பயமாக இருக்கு தம்பி" என்று சொல்லும் அம்மாக்களை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். முற்றாக ஒரு கண் இல்லாதவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இருந்த கண் பொய் சொல்வதைவிட இல்லாத கண் மேல்.

சரியாகுமா என்று கேட்டீர்கள். இழந்த அந்த நுட்பம் திரும்பாது, ஆனால் மூளை மற்றத் தடயங்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கப் பழகிவிடும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் அன்றாட வேலை கைக்கு வந்துவிடுகிறது. ஒரு கண்ணை இழந்தவர்கள் பொருளை எடுக்கக் கை நீட்டும்போது, தங்களுக்கே தெரியாமல் தலையைக் கூடுதலாக அசைக்கிறார்கள் என்று கனடாவில் செய்த ஆய்வொன்று காட்டியது. படகு செய்யும் வேலையைத் தலை செய்கிறது. சித்தப்பாவிடம் இதைத் தெரிந்தே செய்யச் சொல்லுங்கள்: ஊற்றுவதற்கு முன் தலையை ஒருமுறை இடம் வலம் ஆட்டிப் பார்க்கட்டும். இன்னும் சுலபம், கேத்தலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றுவது. தங்கூசி கட்டும்போது இரண்டு கையின் விரல்களும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் கண்ணுக்குப் பாதி வேலை மிச்சம்.

கிரிக்கெட் பார்க்கிற வீடென்றால் அவருக்கு மன்சூர் அலி கான் பட்டோடியின் கதையைச் சொல்லுங்கள். 1961இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் அவருக்கும் வலது கண்தான் போனது. தண்ணீரைக் கிளாசில் ஊற்றப் போய் மேசையில் ஊற்றியதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதே வருடம் டெஸ்ட் ஆடத் தொடங்கி, அடுத்த வருடம் 21 வயதில் இந்திய அணிக்குத் தலைவரானார். 1964இல் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203. வேகமாக வரும் பந்தின் உருவம் எவ்வளவு கெதியாகப் பெருக்கிறது என்பதிலிருந்தே அது எப்போது வந்து சேரும் என்று மூளையால் கணிக்க முடியும், அதற்கு ஒரு கண் போதும். போதும் என்றாலும் எல்லோருக்கும் அது கைகூடாது என்பது வேறு கதை.

சிறுவர் விசயத்தில் ஒரு வார்த்தை. வாக்குக் கண் (மாறுகண்) அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மூளையில் அந்த இணைப்புகள் உறுதிப்படும். அதற்குச் சிறுவயதில் ஒரு காலம் இருக்கிறது என்பதைப் பூனைக்குட்டிகளில் காட்டியது ஹியூபல், வீசல் இருவரின் பெரிய பங்களிப்பு, 1981இல் நோபல் பரிசு வாங்கினார்கள். சூசன் பாரி என்ற அமெரிக்க நரம்பியலாளர் வாக்குக் கண்ணோடு வளர்ந்து, 48 வயதில் பயிற்சியால் முதன்முதலாக ஆழம் கண்டார் என்பது உண்மை. ஆனால் அதை நம்பிப் பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள், நாலைந்து வயதுக்கு முன்னரே காட்டுங்கள்.

மோட்டார் சைக்கிள் விசயத்தில் என் கவலை ஆழத்தைப் பற்றியதல்ல. றோட்டில் தேவைப்படும் தூரக்கணிப்புக்குப் பெரும்பாலும் ஒரு கண் போதும். பிரச்சினை பார்வை விரிவு. வலது கண் போனால் வலப்பக்க ஓரத்தில் ஒரு பெரிய துண்டு அப்படியே இல்லாமல் போகிறது, இடது கண்ணுக்கு அது எட்டாதபடி மூக்கு மறைக்கிறது. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம், முந்துகிற வாகனம் வலப்பக்கத்தால்தான் வரும். அதாவது அவருக்குத் தெரியாத பக்கத்தால். ஆகவே முதல் சில மாதம் ஓட வேண்டாம். அதன் பிறகும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவப் பரிசோதனையில் ஒரு கண் நிலைமையை மறைக்காமல் சொல்லி, ஓடலாமா என்று கேட்டுக்கொள்ளட்டும். வலப்பக்கக் கண்ணாடி கட்டாயம், கண்ணாடியை மட்டும் நம்பாமல் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். இருட்டில் ஓடுவதைத் தவிர்த்தால் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது: மிஞ்சியிருக்கும் இடது கண். தூண்டிலும் கயிறும் தெறிக்கும் வேலையில் இருப்பவர். கண்ணுக்கு நம்பர் தேவையில்லாவிட்டாலும் பொலிகாபனேட் வில்லை போட்ட பாதுகாப்புக் கண்ணாடியை, பக்கவாட்டு மறைப்போடு, கடலுக்குப் போகும்போது கட்டாயம் போடட்டும். சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்தால் கண்ணுக்குள்ளேயே போகும், அதை வாங்க வேண்டாம். வெயில் கூசுகிறது என்றால் நிறமூட்டியதும் அதே பொலிகாபனேட்டில் கிடைக்கும். வருடம் ஒருமுறை அந்தக் கண்ணின் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.